ஆளுக்கோர் ஆகாயக் கப்பல்

நமது சங்கத்து மாணவர் ஒருவர், பத்தாம் வகுப்பில் பயில்பவர், இப்பகுதிக்கு ஒரு வினா எழுதி அனுப்பியிருக்கிறார். ஹைட்ரஜன் வாயு காற்றினும் இலேசானது, எரிபொருளாகவும் பயன்படுவது. அங்ஙனமாயின் அதை ஒரு பெரிய பையில் அடைத்து, அதனாலேயே மேலெழும்பி, அதையே சிறிது சிறிதாகச் செலவிட்டு மோட்டாரை ஓட்டி, குடும்பத்துக்கு ஒரு வாகனமாக ஏன் வைத்துக்கொள்ளலாகாது என்பது அவர் கேள்வி. ஜனக்புரியிலிருந்து கிளம்பினால் சாலை நெரிசல் இல்லை, சிவப்பு விளக்கு இல்லை, ஊருக்குப் போக ரயிலில் இடம் கிடைக்குமோ என்ற கவலையும் இல்லை என்று அவரே அனுகூலங்களையும் அடுக்கியுள்ளார். இக்கடிதம் என் கைக்கு வந்த அதே வாரத்தில், பொங்கல் விழாவன்று குழந்தைகள் கையால் 200 வாயுப் பலூன்களை வானில் விடவேண்டும் என்று அன்பர்கள் சிலர் யோசனை கூறிவருவதும் என் செவிக்கு எட்டியது. இரண்டும் ஒரே வாயுவைச் சார்ந்த விஷயங்கள். ஆதலின் இரண்டையும் இம்மாதமே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மாணவரின் எண்ணம் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. தனக்கென ஒரு வான வாகனம் வேண்டுமென்ற ஆசை நம்மவர்க்கு மிகப் பழையது. சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் சூலுற்றிருந்த விசயைக்காக ஒரு மயிற்பொறி செய்வித்து, அதை ஓட்டவும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். பொறியை வலப்புறம் திரித்தால் மேலே செல்லும், இடப்புறம் திரித்தால் கீழே இறங்கும். அவள் தனியொருத்தியாக அதிலேறித் தப்பிச் சென்று, சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். அம்மயில் எதனால் பறந்தது என்பதைத் திருத்தக்கதேவர் சொல்லவில்லை. காவியத்துக்கு அது தேவையுமில்லை. நமக்கோ அது தேவை.

ஹைட்ரஜனின் வேலை எளிது. தண்ணீரில் தக்கை மிதப்பது போலக் காற்றில் அது மிதக்கிறது. 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிஸ் நகரில் ஜாக் சார்ல்ஸ் என்ற பௌதிக அறிஞர், இரும்புத் துண்டுகளின் மீது கந்தகத் திராவகத்தை வார்த்து இவ்வாயுவை உண்டாக்கி, ரப்பர் பூசிய பட்டுப் பலூனில் நிரப்பி, ஆளில்லாமல் மேலே விட்டார். அது கோனெஸ் என்ற கிராமத்தில் போய் விழுந்தது. ஏதோ பூதம் வந்து இறங்கிவிட்டதென்று அஞ்சிய குடியானவர்கள் கவைக்கோல்களால் அதைக் குத்திக் கிழித்துவிட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சார்ல்ஸ் தாமே ஒரு துணையுடன் ஏறிப் பறந்தார். நமது நாட்டில் 1889-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ராம்சந்திர சட்டர்ஜி என்ற வங்காளி பலூனேறித் தனியே வானில் சென்றார்.

இன்றும் இக்காட்சி மறையவில்லை. வானிலை இலாகாவினர் டில்லி உள்ளிட்ட பல இடங்களிலிருந்து காலையும் மாலையும் கருவிகளைக் கட்டிப் பலூன்களை மேலே விடுகின்றனர். அவற்றிற் பெரும்பாலும் ஹைட்ரஜனே நிரப்பப்படுகிறது. ஹைதராபாத்தில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாருக்கு ஒரு பலூன் தளம் உண்டு. மயிரிழையினும் மெல்லிய பாலிதீன் தாளால் ஆன பெரும் பலூன்களில் ஹைட்ரஜனை அடைத்து, விண்ணாராய்ச்சிக் கருவிகளை அங்கிருந்து அனுப்பிவருகின்றனர். 2022 டிசம்பரில் அத்தளத்திலிருந்து ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ஒரு பரிசோதனைக் கூண்டு 37 கிலோமீட்டர் உயரம் சென்று மீண்டது. பிற்காலத்தில் மனிதரை ஏற்றிச் செல்லும் நோக்கத்துடன் செய்த மாதிரி அது. விகாராபாத் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வயலில் அது இறங்கியபோது ஊரே திரண்டுவிட்டது. இம்முறை எவரும் கவைக்கோலை எடுக்கவில்லை. கைபேசியை எடுத்துப் படம் பிடித்தனர்.

ஆனால் மாணவர் கேட்பது ஆராய்ச்சியும் அன்று, உல்லாசப் பயணமும் அன்று. வீட்டு வாசலில் நிறுத்திவைத்து நினைத்தபோது ஏறிச் செல்லும் வாகனம். அதையும் ஒருவர் செய்தே காட்டியிருக்கிறார். பிரேசில் நாட்டு காப்பித் தோட்டக்காரரின் மகனான சாந்தோஸ் டூமோன் என்பவர் பாரிஸில் வசித்தவர். 1901 அக்டோபர் 19 அன்று ஹைட்ரஜன் நிரப்பிய ஆகாயக் கப்பலில் ஈபெல் கோபுரத்தைச் சுற்றிவந்து 1 லட்சம் பிராங்க் பரிசு பெற்றவர். 1903-இல் அவர் தம் சொந்த உபயோகத்துக்கென 9-ஆம் எண் கப்பலைச் செய்துகொண்டார். அதன் பை 220 கன மீட்டரிலிருந்து தொடங்கிப் பின்னர் 261 கன மீட்டராகப் பெருக்கப்பட்டது. மோட்டாரின் வலிமை 3 குதிரைத் திறன்; இன்றைய ஸ்கூட்டருக்கும் குறைவு. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள் அதிகாலை அவர் சாம்ஸ் எலிசே வீதியில் தம் வீட்டு வாசலிலேயே இறங்கி, கப்பலைக் கீழே ஆட்கள் பிடித்துக்கொள்ள, மாடிக்குச் சென்று காப்பி அருந்திவிட்டு, மறுபடி ஏறிச் சென்றார்.

அதே மாதத்தில் கியூப வமிசத்து அமெரிக்கப் பெண்ணான ஐடா தே அகோஸ்டா, சில பாடங்கள் மாத்திரம் கற்றுக்கொண்டு அக்கப்பலைத் தனியாக ஓட்டிச் சென்றார். பெண் பெயர் ஊர் வாயில் விழக்கூடாதென்று பெற்றோர் அதை நெடுங்காலம் வெளியே விடாமல் மூடிவைத்துவிட்டனர். (பாரிஸாயினும் பாலக்காடாயினும் பெற்றோர் பெற்றோரே.)

இவ்வளவும் நடந்திருக்க, இவ்வாகனம் ஏன் ஊரெங்கும் பரவவில்லை? ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. டூமோனின் உடல் எடை ஏறத்தாழ 50 கிலோ. மூட்டை முடிச்சு கிடையாது. தனியாள். காற்று அடங்கிய அதிகாலையாகப் பார்த்து வெளியே வந்தவர். கப்பலை வைக்க நகருக்கு வெளியே பெரிய கொட்டகை வைத்திருந்தவர். அதைப் பராமரிக்க ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வசதியும் உடையவர்.

நம் குடும்பக் கணக்கைப் போடுவோம். நான் ரயில்வே குமாஸ்தா. எடையும் சாமானும் என் அன்றாடத் தொழில். கணவன் 70 கிலோ, மனைவி 58, மூத்த பிள்ளை 35, இளையவள் 22. ஆக 185 கிலோ. தூங்கும் வகுப்பில் ரயில்வே அனுமதிக்கும் இலவசச் சாமான் பெரியவருக்கு 40 கிலோ, சிறுவர்க்கு அதிற்பாதி; ஆக 120. (ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி, புளி, அப்பளம், ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்த்து இதற்குள் அடக்கிவிட்டதாக எவரேனும் கூறினால் நான் நம்புவதாயில்லை.) பை, கூடை, மோட்டார், கயிறு, மணல் மூட்டை எல்லாவற்றுக்கும் சிக்கனமாக 195 கிலோ வைத்துக்கொண்டால் மொத்தம் 500 கிலோ ஆகிறது.

இனி வாயு. குளிர்ந்த காற்று கனமானது. அதில் மிதப்பது எளிது. டில்லியின் ஜனவரிக் குளிரில் 1 கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.15 கிலோவைத் தூக்கும். 45 பாகை கொளுத்தும் மே மாதத்திலோ 1 கிலோவைத் தூக்குவதே அரிது. ஆகவே கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டுமானால் 500 கன மீட்டர் வாயு வேண்டும். அதே பை ஜனவரியில் 575 கிலோ தூக்கும். மே மாதத்தில் 75 கிலோ குறைந்துவிடும். அதாவது பொங்கலுக்கு உடன் வந்த மாமனாரைக் கோடையில் விட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

500 கன மீட்டர் என்பது எவ்வளவு? சுருட்டு வடிவில் தைத்தால் 25 மீட்டர் நீளம், 6 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவு. நீளத்தில் இன்றைய எக்ஸ்பிரஸ் ரயிலின் ஒரு பெட்டியை மிஞ்சும். அகலத்தில் இரண்டு பெட்டிகளை அடுத்தடுத்து நிறுத்தியது போலாகும். ஜனக்புரியில் ஒரு சிறிய காரை நிறுத்தும் இடத்துக்காகவே அண்டை வீட்டாரிடையே பேச்சுவார்த்தை நின்றுபோவதை நாம் கண்டிருக்கிறோம். இதை எந்த வீட்டு மாடியில் கட்டுவது? மாடிக்கு மாடி மின்சாரக் கம்பி. அப்பால் மெட்ரோவின் உயர்பாதை. ஆகஸ்ட் மாதத்தில் டில்லிச் சிறுவர்கள் விடும் பட்டங்களின் மாஞ்சாக் கயிறோ புறாக்களின் சிறகையும் மனிதரின் கழுத்தையும் அறுப்பது. பையை மட்டும் விட்டுவைக்குமா? சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டிய வாரங்களில் பலூன் முதலிய சிறு வான வாகனங்கள் எதையும் பறக்கவிடலாகாதெனப் போலீசார் ஆண்டுதோறும் தடை விதிக்கின்றனர் என்பதையும் மாணவர் மறக்கலாகாது. விமான நிலையமும் நமக்குத் தொலைவில் இல்லை.

சரி, இடமும் அனுமதியும் கிடைத்தன என்றே கொள்வோம். இத்தகைய பையை 5 கிலோவாட் மோட்டார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளக்கூடும். சென்னை நேர்கோட்டில் 1,750 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 44 மணி நேரம் ஆகும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருப்புப்பாதை வளைவுகளையெல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் ஓடியும் இரண்டு இரவிலும் ஒரு பகலிலும் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. வழியில் படுக்கையும் உண்டு, கழிவறையும் உண்டு. எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் அடித்தால், அதுவும் சாதாரணக் காற்றே, நம் கப்பலின் பயணம் 88 மணி நேரமாகும். வேகத்தைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். வேகம் இரட்டிப்பானால் மோட்டாரின் வலிமை 8 மடங்காக வேண்டும். அம்மோட்டாரைத் தூக்க மேலும் வாயு, அவ்வாயுவை அடைக்க மேலும் பெரிய பை, அப்பையைத் தள்ள மேலும் வலிமை.

மாணவரின் யோசனையில் மிக அழகிய பகுதி, தூக்கும் வாயுவையே எரிபொருளாக்குவது. அதிலேதான் சிக்கலும் இருக்கிறது. எரிபொருள் மின்கலத்தில் ஹைட்ரஜனைச் செலுத்தி மின்சாரம் எடுத்தால் 44 மணி நேர ஓட்டத்துக்கு 13 கிலோவுக்கு மேல் செலவாகும். எடையில் அது சொற்பம். ஆனால் அதுவே 175 கன மீட்டர் இடத்தை நிரப்பியிருந்தது. அது போனால் 175 கிலோ தூக்கும் வலிமையும் போயிற்று. நாகபுரிக்கு மேலே அரிசி மூட்டையையும், பெஜவாடாவுக்கு மேலே டிரங்குப் பெட்டியையும் கீழே தள்ளிக்கொண்டே போகவேண்டியிருக்கும். ஜெர்மானியர்கள் இதை நன்கு உணர்ந்தவர்கள். 1928-இல் பறக்கத் தொடங்கிய கிராப் செப்பலின் என்ற பெருங்கப்பலில் தூக்குவதற்கு ஹைட்ரஜனையும், எரிப்பதற்குக் காற்றின் கனத்தையே ஒத்த வேறொரு வாயுவையும் தனித்தனியே வைத்தனர். எரித்தாலும் கப்பலின் எடை மாறாது. 16 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணிகளுக்குச் சேதமின்றி அது பறந்தது.

தீயைப் பற்றி நான் இதுவரை பேசாததற்குக் காரணம், தீ இல்லாவிட்டாலும் இவ்வாகனம் நமக்கு உதவாது என்பதைக் காட்டவே. தீயோ மிகப் பெரிய விஷயம். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் அது பற்றும். பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டா. குளிர்காலத்தில் கம்பளியைக் கழற்றும்போது சடசடவெனத் தெறிக்கும் மின்பொறியே போதும். சுடரும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் 500 கன மீட்டர் பையிலுள்ள வாயுவின் எடை 38 கிலோதான். ஆயினும் அதன் எரிசக்தி சுமார் 140 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். டூமோன் ஒருமுறை மோட்டாரில் தீப்பிடித்தபோது தம் பனாமாத் தொப்பியால் அடித்தே அணைத்தார் என்பர். எல்லோருக்கும் அத்தொப்பி வாய்க்கவில்லை. பிரிட்டிஷார் இந்தியாவுக்கென விட்ட ஆர் 101 என்ற கப்பல் கராச்சிக்குப் புறப்பட்டு, 1930 அக்டோபர் 5 அன்று பிரான்சில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் மாண்டனர். அதற்காகக் கராச்சியில் கட்டிய மாபெரும் கொட்டகை கப்பலைக் காணாமலே காத்திருந்தது. 1937-இல் ஹிண்டன்பர்க் அமெரிக்காவில் எரிந்து 36 பேர் இறந்ததோடு ஹைட்ரஜன் கப்பலில் பிரயாணிகளை ஏற்றும் காலம் முடிந்தது.

எரியாத ஹீலியம் உண்டே என்பர். அவ்வாயுவுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது: 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை, அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பார்த்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சென், சூரிய ஒளியை நிறப்பிரிகை செய்தபோது கண்ட மஞ்சள் கோடே பின்னர் அதன் அடையாளமாயிற்று. தூக்கும் வலிமையில் ஹைட்ரஜனுக்குச் சற்றே குறைவு. ஆனால் நம் தேவைக்கு அயல்நாடுகளையே நம்பியிருக்கிறோம், விலையும் அதிகம். 500 கன மீட்டர் வாங்கும் குடும்பம் நம் சங்கத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தால் கட்டட நிதிக்கு அவர்களை அணுகலாம்.

ஹைட்ரஜனுக்கு ஏற்ற இடம் தரையே என்பது என் கருத்து. தொழில்பற்று என்று அன்பர்கள் கருதினாலும் கருதுக. 2025 ஜூலையில் சென்னைப் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜனால் இயங்கும் நம் நாட்டின் முதல் ரயில் பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. 1,200 குதிரைத் திறன் உடையது. நமக்கு அருகில், ஹரியானாவில் ஜிந்த் முதல் சோனிபட் வரையுள்ள 89 கிலோமீட்டர் பாதைக்கென வகுக்கப்பட்டது அத்திட்டம். ரயிலில் வாயுவைக் கெட்டியான உருளைகளில் அமுக்கி வைக்கலாம். உருளையின் கனத்தைப் பற்றிக் கவலையில்லை, தண்டவாளம் தாங்கும். கசிந்தாலும் திறந்த வெளியில் மேலே ஓடிவிடும். புகைக்குப் பதில் நீராவி வரும். நம் டில்லிக் காற்றை மூச்சில் இழுப்பவர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

ஆனால் ஹைட்ரஜன் இன்று நம் வீட்டுக்குள் நுழைவது ரயில் வழியாக அன்று. பிறந்தநாள் பலூன் வழியாக. சந்தைகளிலும் கோயில் வாசல்களிலும் பலூன் விற்போரில் பலர், பழைய இரும்பு உருளையில் காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் தண்ணீரையும் இட்டு அங்கேயே ஹைட்ரஜன் தயாரிக்கின்றனர். அக்கலவை கொதிக்கும்; உள்ளே அழுத்தம் ஏறும்; காரம் தின்ற உருளை எந்நேரம் பிளக்குமென்று விற்பவரும் அறியார். அவரும் வயிற்றுக்காக அதன் பக்கத்தில் நாள் முழுதும் நிற்பவர்தாம். 2022 அக்டோபர் 2 அன்று திருச்சிக் கடைவீதியில் பலூன் வாயு உருளை வெடித்து ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். உருளை வெடிக்காவிட்டாலும் பலூனிலேயே அபாயம் உண்டு. 2020 செப்டம்பரில் சென்னைப் பாடியில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பறக்கவிட வைத்திருந்த வாயுப் பலூன்களின் அருகே பட்டாசு வெடிக்க, ஒரே கணத்தில் நெருப்புப் பந்து எழுந்து, கூடியிருந்தோர் பலருக்குத் தீக்காயம் ஏற்பட்டது.

ஓரடிக் குறுக்களவுள்ள பலூனில் 14 லிட்டர் வாயு கொள்ளும். 200 பலூன்களில் அடங்குவது ஏறத்தாழ 800 மில்லிலிட்டர் பெட்ரோலின் எரிசக்தி. அவ்வளவு பெட்ரோலைப் பகிர்ந்து பொட்டலம் கட்டிக் குழந்தைகள் கையில் கொடுக்க, குத்துவிளக்கும் கற்பூர ஆரத்தியும் உள்ள பந்தலில், எந்தத் தாயார் இசைவார்? வீட்டில் வாங்கினாலும் கேக்கின் மெழுகுவத்தி அருகே கொண்டுசெல்லாதீர். மூடிய காரில் கொத்தாக ஏற்றாதீர். கூரையை ஒட்டி மின்விளக்கின்மேல் விட்டுவைக்காதீர். வாயு நிரப்பும் உருளையைச் சுற்றிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நிற்பதற்கு ஒருபோதும் இடங்கொடாதீர்.

காரியக் குழுவினர்க்கு ஒரு மாற்று யோசனை. வாயால் ஊதிய பலூன்களைத் தோரணமாகக் கட்டுவோம். அவை மேலே போகா, எரியவும் எரியா. வினா விடுத்த மாணவருக்கு மேடையில் 15 நிமிஷம் ஒதுக்கினால், இக்கணக்கை அவரே கரும்பலகையில் போட்டுக் காட்டட்டும். தம் தங்கையைத் தூக்க எத்தனை பலூன் வேண்டுமென்றும் சொல்லட்டும். பலூனொன்று 11 கிராம் தூக்குமென்று வைத்துக்கொண்டால் 22 கிலோக் குழந்தைக்கு 2,000 வேண்டும். விழாத் திடலில் அவருடைய குடும்பக் கப்பலின் அளவை, 25 மீட்டருக்கு 6 மீட்டர், சுண்ணாம்புக் கோட்டால் வரைந்துவைத்தால் எல்லோரும் உள்ளே நின்று பார்க்கலாம். கோடு போட ஆள் வேண்டுமானால் முதல்நாள் மாலையே நாடாவுடன் நான் வருகிறேன்.